வீட்டுத் தோட்டத்தில் ஸ்வீட் கார்ன்: ஒத்தச் சாலாக நடாதீர்கள்

முதல்முறை ஸ்வீட் கார்ன் போட்டபோது காம்பவுண்டுச் சுவரை ஒட்டி ஒரே வரிசையில் பன்னிரண்டு செடி வைத்தேன். பச்சைப் பசேலென்று ஆளுயரம் வளர்ந்தன. கருதும் (கதிரும்) பிடித்தது. ஆசையோடு உரித்துப் பார்த்தால் ஒரு கருதில் இருபது, முப்பது மணிதான். மீதி இடமெல்லாம் வெறும் தக்கை. எரு பற்றவில்லையா, தண்ணீர் பற்றவில்லையா என்று குழம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் அந்தக் கருதை வாங்கி ஒரு சுற்றுத் திருப்பிப் பார்த்தார். "ஒத்தச் சாலு போட்டா மணி புடிக்காது கண்ணு. நாலு சாலு ஒண்ணாப் போடோணும்" என்றார்.

அடுத்த முறை அதே பன்னிரண்டு செடியை மூன்றுக்கு நான்காகக் கட்டம் கட்டி நட்டேன். கருது நிறைந்தது. புதிதாகத் தொடங்குபவர்கள் மற்றதில் எதை மறந்தாலும் இந்த ஒன்றை மறக்க வேண்டாம். ஏன் அப்படி என்று பூக்கும் கட்டத்தில் விரிவாகச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால், கடையில் கிடைப்பதை வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும்? உடுமலைப் பக்கம் எங்கள் காடுகளில் (விளைநிலங்களில்) கோழித் தீவனத்துக்காக விளையும் மக்காச்சோளமும் ஸ்வீட் கார்னும் ஒரே இனம். ஸ்வீட் கார்னில் மட்டும் மணிக்குள் சேரும் சர்க்கரை முழுவதும் மாவாக மாறாதபடி ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது. மாவு குறைவாக இருப்பதால்தான் அதன் விதை காய்ந்ததும் சுருங்கிச் சப்பிப்போய் இருக்கிறது. ஆனாலும் பறித்த நிமிடத்திலிருந்து சர்க்கரை குறையத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் லாரியில் வந்து, தள்ளுவண்டியில் ஒரு நாள் கிடந்த கருதின் இனிப்பும், செடியிலிருந்து ஒடித்து அரைமணி நேரத்தில் வேகவைத்த கருதின் இனிப்பும் ஒன்றல்ல. வீட்டில் வளர்த்தவருக்கு மட்டுமே கிடைக்கும் ருசி அது.

எப்போது விதைப்பது

தண்ணீர் இருந்தால் வருடம் முழுவதும் வரும் என்பார்கள். செடி வரும், உண்மைதான். மணி பிடிப்பதுதான் சிக்கல். விதைத்து 45 முதல் 55 நாளில் பூக்கும். அந்த ஒரு வாரம் சித்திரை, வைகாசி வெயிலில் மாட்டிக்கொண்டால் மகரந்தம் காய்ந்து வீணாகும். அடைமழையில் மாட்டிக்கொண்டால் நனைந்து கட்டியாகிவிடும். அதனால் விதைக்கும் நாளைப் பார்க்காதீர்கள், பூக்கும் நாளைக் கணக்குப் போட்டு விதையுங்கள்.

ஆடிப்பட்டம் நல்லது. தை பிறந்ததும் விதைப்பதும் நல்லது. மாசி கடைசியில் விதைத்தால் பூ சித்திரையில் வரும், வேண்டாம். சென்னை, கடலூர், நாகை போன்ற கடலோர ஊர்க்காரர்கள் புரட்டாசி, ஐப்பசியைத் தவிர்த்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் வேர் மூச்சு முட்டிப்போகும், புயல் காற்றில் தட்டை (செடியின் தண்டு) சாய்ந்துவிடும்.

எங்களைப் போல மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் வீடு இருப்பவர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. காட்டு மக்காச்சோளத்தின் மகரந்தம் காற்றில் வந்து நம் ஸ்வீட் கார்னில் விழுந்தால், அந்த வருடத்து மணியே மாவாகிவிடும். விதை எடுத்து அடுத்த போகம் போட்டால்தான் தெரியும் என்றில்லை, வாயில் வைத்ததுமே தெரியும். பக்கத்தில் மக்காச்சோளம் நிற்கிறது என்றால், நம் விதைப்பு அதற்கு மூன்று வாரமாவது முன்னாலோ பின்னாலோ இருக்கட்டும். பாப்கார்ன் ரகத்தையும் இதோடு சேர்த்து விதைக்க வேண்டாம்.

விதை

பலசரக்குக் கடையில் விற்கும் பாப்கார்ன் மணியோ, தீவன மக்காச்சோளமோ போட்டால் ஸ்வீட் கார்ன் வராது. விதைக்கடையில் "ஸ்வீட் கார்ன்" என்றே கேட்டு வாங்குங்கள். சுகர் 75 போன்ற வீரிய ஒட்டு ரகங்கள் பரவலாகக் கிடைக்கின்றன. மாதுரி, பிரியா என்று ஹைதராபாத்தில் உருவான ரகங்கள் ஒட்டு ரகமல்ல, அவற்றிலிருந்து நீங்களே விதை எடுக்கலாம். வீரிய ஒட்டுக் கருதிலிருந்து விதை எடுத்துப் போட்டால் செடிக்குச் செடி குணம் மாறிப்போகும்.

பாக்கெட்டில் பேக்கிங் தேதி பாருங்கள். மாவுச்சத்து குறைந்த விதை என்பதால் முளைப்புத் திறன் சீக்கிரம் குறையும். இளஞ்சிவப்பாகவோ வேறு நிறமாகவோ இருந்தால் அது பூஞ்சணக்கொல்லி பூசிய விதை. குழந்தைகள் கையில் கொடுக்காதீர்கள், விதைத்ததும் கை கழுவுங்கள். விதையை ஊறவைக்க வேண்டியதில்லை. ஈர மண்ணே போதும், ஊறிய விதை அழுகிப்போகும் வாய்ப்புதான் அதிகம்.

இடமும் மண்ணும்

ஆறு முதல் எட்டு மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். தென்னை நிழலிலும் மாமர நிழலிலும் தட்டை மெலிந்து உயரும், கருது வராது. செடி ஐந்தாறு அடி உயரம் போகும் என்பதால் பாத்தியைத் தோட்டத்தின் வடக்கு ஓரத்தில் அமைத்தால் மற்ற காய்கறிகளின் மேல் நிழல் அவ்வளவாக விழாது.

எட்டடிக்கு எட்டடி இடம் இருந்தால் ஒரு குடும்பத்துக்குப் போதும். மண்வெட்டியால் முக்கால் அடி ஆழம் கொத்தி, நன்றாக மக்கிய தொழுவுரம் இரண்டு மூன்று பாண்டு, வேப்பம் புண்ணாக்கு அரைக் கிலோ கலந்து ஒரு வாரம் விடுங்கள். மக்காத சாணத்தைப் போட்டுவிடாதீர்கள், கரையான் வரும், வேர் கருகும். களிமண்ணாக இருந்தால் பார் (நீள மண் மேடு) கட்டி அதன் மேல் விதைப்பது நல்லது, தண்ணீர் தேங்காது.

விதைப்பு

வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி. இந்தக் கணக்கில் எட்டடிச் சதுரத்தில் நான்கு வரிசை, வரிசைக்கு எட்டு என்று 32 செடி வரும். ஒரு குழிக்கு இரண்டு விதை, ஒன்றரை அங்குல ஆழம். விரலின் முதல் கணுவைத் தாண்டிக் கொஞ்சம் போனால் சரியாக இருக்கும். மண்ணை மூடி லேசாக அழுத்தி, பூவாளியில் தண்ணீர் விடுங்கள். குழாயைத் திறந்துவிட்டால் விதை ஓடிப்போய் ஒரு மூலையில் கூடிவிடும்.

நான்கு நாள் முதல் ஏழு நாளுக்குள் ஊசிபோல முளை தெரியும். இந்தக் கட்டத்தில் எதிரிகள் மைனாவும் எறும்பும். மைனா முளையைப் பிடித்து இழுத்து அடியில் உள்ள விதையைத் தின்றுவிட்டுப் போகும். காய்ந்த தென்னை ஓலையைப் பாத்தி மேல் பரப்பி வைத்து, முளை நான்கு விரல் உயரம் வந்ததும் எடுத்துவிடுங்கள். எறும்புக்குப் பாத்தியைச் சுற்றிக் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்குத் தூவினால் போதும்.

பத்தாம் நாள் வாக்கில், குழியில் இரண்டு முளைத்திருந்தால் மெலிந்ததைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். பாவம் பார்த்து இரண்டையும் விட்டால் இரண்டிலும் நல்ல கருது வராது. விதை குறைவாக இருப்பவர்கள் குழித்தட்டில் முளைக்கவிட்டு நடலாம், ஆனால் பன்னிரண்டு நாளைத் தாண்டவிடாதீர்கள். வேர் சுருண்டுவிட்ட நாற்று பிறகு தேறுவதே இல்லை.

மொட்டை மாடியில் வைப்பவர்களுக்கு: ஒன்றரை அடி அகலமும் ஆழமும் உள்ள குரோ பேக்கில் மூன்று செடி வைக்கலாம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. பைகளைக் கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக அடுக்காமல் நடுவில் நெருக்கிக் கூட்டமாக வையுங்கள். குறைந்தது ஐந்தாறு பை வேண்டும். வெயில் நாளில் காலையும் மாலையும் தண்ணீர் தேவைப்படும்.

வளரும் காலம்

முதல் மாதம் களைதான் முக்கியம். அந்த வயதில் கோரையும் அருகும் செடியை முந்திவிடும். இருபதாம் நாள் ஒரு களை எடுத்து, செடிக்கு இரண்டு கைப்பிடி மண்புழு உரம் வையுங்கள். இருபத்தைந்து, முப்பது நாளில் தண்டின் அடிக்கணுவிலிருந்து தடித்த வேர்கள் விரல் நீட்டுவதுபோல வெளியே கிளம்பும். செடியைத் தாங்கிப் பிடிக்கும் வேர் இவை. அப்போது இரண்டு பக்கமும் மண் அணைத்துக் கொடுங்கள். இதைச் செய்யாத பாத்தியில் ஒரு பலத்த காற்றுக்கே பாதிச் செடி படுத்துவிடும்.

மக்காச்சோளம் நிறையச் சாப்பிடும் பயிர், அதிலும் தழைச்சத்து. 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து, பத்து நாளுக்கு ஒருமுறை வேரில் ஊற்றுகிறேன். இடையில் 10 லிட்டர் தண்ணீருக்கு 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளிப்பேன். யூரியா போடுபவர்கள் செடிக்கு ஒரு தடவைக்கு அரை டீஸ்பூனைத் தாண்டாமல், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி மண்ணில் வைத்து மூடித் தண்ணீர் விடுங்கள்.

செடிக்கு என்ன குறை என்பதை இலை சொல்லும். அடியிலை நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக 'வி' போல மஞ்சளித்தால் தழைச்சத்து பற்றவில்லை. இளஞ்செடியில் இலை ஊதா ஓடினால் மணிச்சத்து. இலையின் ஓரம் மட்டும் காய்ந்து பழுப்பானால் சாம்பல் சத்து. குருத்திலைகளில் வெளுத்த பட்டை ஓடினால் துத்தநாகம். ஒரு செடி மட்டும் குட்டையாக, வெளிறிய கோடுகளோடு, இலையின் அடியில் வெண்பூஞ்சணம் படர்ந்து நின்றால் அது அடிச்சாம்பல் நோய். உரம் போட்டுக் காப்பாற்றப் பார்க்காமல் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள்.

அடிப்பக்கம் சிறு பக்கத்தூர்கள் கிளம்பும். சத்தைத் திருடுகிறது என்று பலர் ஒடிக்கிறார்கள். ஒடிக்க வேண்டாம், அதன் இலையும் செடிக்குத்தான் உணவு சமைக்கிறது.

படைப்புழு

இதைக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தப் புழு 2018ல் கர்நாடகத்தில் கண்டறியப்பட்டு அதே வருடம் தமிழ்நாட்டுக்கும் பரவியது. இப்போது மக்காச்சோளம் இருக்கும் இடமெல்லாம் இருக்கிறது. "எங்கள் மாடிக்கு எப்படி வரும்" என்று நினைக்காதீர்கள். தாய் அந்துப்பூச்சி இரவில் வெகுதூரம் பறக்கும்.

விதைத்த பத்தாம் நாளிலிருந்து தினமும் காலையில் குருத்தைப் பாருங்கள். இலையில் கண்ணாடிபோலச் சுரண்டிய திட்டுகள் முதல் அடையாளம். பிறகு விரிந்த இலையில் வரிசையாக ஓட்டைகள், குருத்துக்குள் ஈரமான மரத்தூள்போல எச்சம். அதைக் குச்சியால் விலக்கினால் உள்ளே புழு சுருண்டிருக்கும். தலையில் தலைகீழாகத் திருப்பிய ஆங்கில 'ஒய்' எழுத்துபோல வெளிர்க் கோடு, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. இரண்டும் இருந்தால் அதுவேதான். பெரும்பாலும் ஒரு குருத்தில் பெரிய புழு ஒன்றுதான் இருக்கும், ஏனென்றால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

முப்பது செடிக்கு மருந்தைவிடக் கைதான் சிறந்தது. இலையில் பஞ்சுபோன்ற செதில் மூடிய முட்டைக் குவியலைக் கண்டால் விரலால் நசுக்கிவிடுங்கள். அதற்குள் நூற்றுக்கு மேல் முட்டைகள் இருக்கும், ஒரு நசுக்கில் அத்தனையும் போய்விடும். குருத்துக்குள் ஒரு சிட்டிகை சன்ன மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து போடுங்கள். உள்ளே நகரும் புழுவின் மெல்லிய தோல் உராய்ந்து அழியும். மேலும் தேவைப்பட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி காதி சோப் கரைத்து, சாயங்காலம் குருத்துக்குள் இறங்கும்படி தெளியுங்கள். வாரம் ஒருமுறை தெளித்தால் போதும். ஆண் பூ வெளியே வந்த பிறகு எதையும் தெளிக்காதீர்கள், தேனீக்கள் மகரந்தம் எடுக்க வரும்.

பூக்கும் வாரம்

உச்சியில் விசிறிபோல விரிவது ஆண் பூ. தண்டின் நடுவில் இலைக்கும் தண்டுக்கும் இடையே பிதுங்கும் இளங்கருதுதான் பெண் பூ. அதன் நுனியில் பட்டு நூல்போல வெளிவருவதை நாம் முடி என்கிறோம். ஒரு நூலுக்கு ஒரு மணி. உள்ளே ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு நூல் கிளம்பி நுனிவரை ஓடி வெளியே தலைநீட்டுகிறது. அந்த நூலில் ஒரு மகரந்தத் தூளாவது விழுந்தால் அந்த மணி உண்டு, விழாவிட்டால் அந்த இடம் பொக்கை.

இதைத் தேனீ செய்வதில்லை, காற்று செய்கிறது. ஒரே வரிசையில் நின்றால் காற்று ஒரு வீச்சில் மகரந்தத்தைச் சுவருக்கு அப்பால் கொண்டுபோய்விடும். கட்டமாக நின்றால் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அடுத்த செடியின் நூலில் விழும். பெரியவர் நாலு சாலு என்று சொன்னதன் காரணம் இதுதான்.

செடி குறைவாக உள்ளவர்கள் காற்றை மட்டும் நம்பாமல் கையாலும் செய்யுங்கள். ஆண் பூவிலிருந்து சிறு மணிகள்போல மகரந்தப் பைகள் தொங்க ஆரம்பித்ததும், பனி உலர்ந்த காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள், பூவை ஒரு காகிதப் பைக்குள் வளைத்துத் தட்டுங்கள். வெளிர் மஞ்சள் தூள் விழும். பல செடித் தூளையும் ஒன்றாகச் சேர்த்து, மென்மையான பிரஷால் எல்லாக் கருதின் நூல்களிலும் தடவுங்கள். சேர்த்து வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது, தூள் செத்துவிடும். கருதின் அடிப்பகுதி நூல்கள் முதலிலும் நுனி நூல்கள் கடைசியிலும் வெளிவரும். ஆகவே நான்கைந்து நாள் தொடர்ந்து செய்தால்தான் நுனிவரை நிறையும்.

என் சந்தேகம் தீர்ந்த விதத்தையும் சொல்கிறேன். தடவி ஒரு வாரத்தில் ஒரு கருதைப் பலி கொடுத்து, மடலை மெல்லக் கீறிப் பிரித்து, காம்பைப் பிடித்து உதறினேன். மணி பிடித்த இடத்து நூல்கள் தானாகக் கழன்று விழுந்தன. பிடிக்காதவை மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. எங்கெங்கே மகரந்தம் போகவில்லை என்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது.

இந்த வாரமும் அடுத்த இரண்டு வாரமும் மண் காயவே கூடாது. மற்ற நாளில் ஒரு தண்ணீர் தவறினால் செடி மன்னிக்கும், இப்போது தவறினால் மணி குறையும். தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள், தலையில் ஊற்றி மகரந்தத்தைக் கழுவிவிடாதீர்கள்.

ஒரு செடிக்கு ஒரு நல்ல கருதுதான். கீழே இரண்டாவது கருது வந்தால், நூல் தலைகாட்டிய ஓரிரு நாளில் ஒடித்துவிடுவேன். அதுவே பேபி கார்ன், சாம்பாரில் போடலாம்.

அறுவடை

நூல் வெளியே வந்து 18 முதல் 22 நாளில் கருது தயாராகும். நூல் கருகிக் காய்ந்திருக்கும், மடல் மட்டும் பச்சையாகவே இருக்கும். மடலின் நுனியைக் கொஞ்சம் விலக்கி ஒரு மணியை நகத்தால் கீறுங்கள். தண்ணீராக வந்தால் மூன்று நாள் பொறுங்கள். பால் வந்தால் அன்றே ஒடியுங்கள். மாவாக வந்தால் நாள் தாண்டிவிட்டது.

நமக்கு முன்னால் கிளிக்கும் அணிலுக்கும் மயிலுக்கும் இது தெரிந்துவிடும். எங்கள் பக்கம் மயில் ஒரு காலையில் பாத்தியையே முடித்துவிடும். நூல் பழுப்பானதும் ஒவ்வொரு கருதுக்கும் காகிதப் பையோ பழைய வேட்டித் துணியோ சுற்றிக் கட்டுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். நூல் பழுப்பாகும் முன்னால் கட்டினால் மகரந்தம் போகாது.

கருதைக் கீழ்நோக்கி அழுத்தித் திருகினால் சுளுவாக ஒடியும். ஐந்து நிமிடம் ஆவியில் வைத்தால் போதும், நாட்டுச் சோளக்கருதுபோல நெடுநேரம் வேகவைத்தால் இனிப்பு தண்ணீரோடு போய்விடும். உடனே சாப்பிட முடியாவிட்டால் மடலோடு ஃப்ரிட்ஜில் வையுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து, சுற்றி எத்தனை வரிசை மணி என்று எண்ணச் சொல்லுங்கள். மணிகள் ஜோடி ஜோடியாக உருவாவதால் அநேகமாக எப்போதும் இரட்டைப்படைதான் வரும்.

தொடர்ந்து கருது வேண்டுமென்றால் மூன்று வாரத்துக்கு ஒரு பாத்தி விதையுங்கள், ஒவ்வொரு பாத்தியும் தனிக் கட்டமாக இருக்கட்டும். அறுத்த தட்டையை மாட்டுக்குக் கொடுக்கலாம், அல்லது சாணளவு வெட்டி உரக்குழியில் போடலாம். அதே பாத்தியில் மறுபடியும் மக்காச்சோளம் எதுவும் வேண்டாம். படைப்புழுவின் கூட்டுப்புழு மண்ணில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் பழுப்பாக உறங்கிக்கொண்டிருக்கும். மண்ணைக் கொத்திப் புரட்டிவிட்டால் மைனா வந்து பொறுக்கித் தின்னும். பத்து நாள் வெயில் காய்ந்த பிறகு அங்கே தட்டைப்பயறு ஊன்றுங்கள்.